கன்பராவில் என் மகள் மொழிபெயர்த்தாள்

1

இரண்டாயிரத்து ஒன்பதின் இந்த ஜனவரியில் மெல்பேர்னில் வெயில் கொளுத்துகிறது. குசினியில் நின்று கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தபோது வானொலியில் எங்கள் அரசாங்கத்தின் நிலைப்பாட்டைச் சொன்னார்கள். காஸாவின்மேல் குண்டு விழத் தொடங்கி இரண்டாவது கிழமை. தன்னைப் பாதுகாத்துக்கொள்ளும் உரிமை இஸ்ரேலுக்கு உண்டாம். பொதுமக்களுக்குப் பாதிப்பு வராமல் எல்லாத் தரப்பும் பார்த்துக்கொள்ள வேண்டுமாம். நிலையான சமாதானத்துக்குப் பேச்சுவார்த்தைதான் வழியாம். இவ்வளவையும் சொல்லிவிட்டு, செய்தி வாசித்த பெண் மூச்சு விடாமல் டெனிஸ் போட்டிக்குப் போய்விட்டாள்.

கத்தியைப் பலகையில் ஓங்கிப் போட்டேன். முன் அறையில் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்த இவர், "என்ன, கையை வெட்டிப்போட்டியா?" என்று கேட்டார்.

"இல்ல. உங்கட அரசாங்கம் கதைக்குது."

"எங்கட அரசாங்கம். நீயும்தானே வோட் போட்டனீ."

இவர் சொன்னது சரி. அதுதான் இன்னும் எரிந்தது.

அன்று பின்னேரம் புத்தளத்திலிருந்து தங்கச்சி ஃபோன் எடுத்தாள். என் குரலைக் கேட்டதும் பிடித்துவிட்டாள். "ராத்தா, நீங்க சண்டை இல்லாத நாட்டில இருக்கிறீங்க. நல்ல வேலை, நல்ல வீடு. பிறகு ஏன் எப்பப் பார்த்தாலும் கோவத்தோட கதைக்கிறீங்க?" என்றாள். அப்போது சரியான பதில் வரவில்லை. ஃபோனை வைத்த பிறகுதான் வந்தது. கொஞ்சம் நீளமான பதில். அதனால்தான் எழுதுகிறேன்.

2

மெல்பேர்னில் இந்தக் கிளென் வேவர்லிக்கு நாங்கள் வீடு வாங்கி வந்தது மகளின் படிப்புக்காக. இங்கே நல்ல பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்துத் தெருவில் இருந்தால்தான் பிள்ளைக்கு இடம் கிடைக்கும். அந்தத் தெருவுக்கு மற்றத் தெருவைவிட விலை அதிகம். என் யாழ்ப்பாணத்து ஆசிரியர் தராதரத்தை இந்த நாட்டுக்காரர் ஒத்துக்கொள்ளச் சில வருஷம் எடுத்தது. ஒத்துக்கொண்டதும், வீட்டிலிருந்து ரயிலில் போய்வரும் தூரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கச் சேர்ந்தேன்.

அங்கே விஞ்ஞானம் படிப்பித்தவள் நஜ்லா. சேர்ந்த முதல் கிழமையே உடற்பயிற்சி ஆசிரியர் என்னிடம் வந்து, "நீங்களும் நஜ்லாவும் ஒரே ஊராமே?" என்றார். எனக்கு விளங்கவில்லை. நஜ்லாவின் தாய் வழிக் குடும்பம் பலஸ்தீனத்து யாஃபாவிலிருந்து நாற்பத்தெட்டாம் ஆண்டு துரத்தப்பட்டது. ஆங்கிலத்தில் அதை ஜாஃபா என்பார்கள். நான் ஜஃப்னா. அந்த மனிதருக்கு இரண்டும் ஒன்றாகக் கேட்டிருக்கிறது.

"ஒரு எழுத்துத்தான் வித்தியாசம்" என்று நஜ்லா சிரித்தாள். "உங்களையும் கலைச்சவங்களா?"

"ஓம்" என்றேன். ஆங்கிலத்தில்தான் பேசினோம். ஆனால் அந்த ஓம் தமிழில்தான் வந்தது.

அன்றிலிருந்து மத்தியானச் சாப்பாடு இரண்டு பேருக்கும் ஒன்றாகத்தான். நோன்பு மாதம் வந்தபோது அதிபர் பரிவோடு நஜ்லாவின் சாப்பாட்டு நேரப் பொறுப்புகளைக் குறைத்துவிட்டார். என்னுடையதைக் குறைக்கவில்லை. அவளோ பெத்லஹேமுக்குப் பக்கத்து ஊரில் பிறந்த கிறிஸ்தவப் பெண். நான்தான் நோன்பு பிடிக்கிற முஸ்லிம். பலஸ்தீனம் என்றால் முஸ்லிம், தமிழ் என்றால் இந்து. அவர் கணக்கு அவ்வளவுதான். நாங்கள் திருத்தப் போகவில்லை. நஜ்லா தனக்குக் கிடைத்த ஓய்வில் என் பொறுப்புகளையும் சேர்த்துச் செய்தாள்.

அவளுடைய தகப்பனுக்கு ஊரில் ஒலிவ் தோட்டம் இருந்தது. இரண்டாயிரத்து மூன்றில் இஸ்ரேல் கட்டிய மதில் வீட்டுக்கும் தோட்டத்துக்கும் நடுவால் போனது. வீடு இந்தப் பக்கம், மரங்கள் அந்தப் பக்கம். தன் சொந்தக் காணிக்குள் போக அந்தக் கிழவர் அனுமதி கேட்டு விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. வயதைப் பார்த்து அவருக்கு அனுமதி கொடுத்தால், கூடப் போய்க் காய் பறிக்க மகனுக்குக் கொடுக்க மாட்டார்கள். மகனுக்குக் கொடுத்தால் அறுவடை முடிந்திருக்கும். நஜ்லா இதையெல்லாம் அழாமல், பரிசோதனைக் குழாய்களைக் கழுவிக்கொண்டே சொல்லுவாள்.

3

என் மகள் ஹஸ்னாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

தங்கச்சி, புத்தளத்தில் இருக்கிற உங்கள் எல்லாருக்கும் தொண்ணூறாம் ஆண்டு ஒக்ரோபரை நான் விளக்கத் தேவையில்லை. ஆனால் இதை வாசிக்கும் இளசுகளுக்குச் சொல்கிறேன். யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை, தமிழருக்குத் தனிநாடு கேட்டுப் போராடிய இயக்கக்காரர் ஒலிபெருக்கியில் அழைத்து, துவக்கோடு நின்று, இரண்டு மணித்தியாலத்துக்குள் ஊரை விட்டுப் போகச் சொன்னார்கள். ஊர் எல்லையில் மறித்துக் கழுத்திலும் காதிலும் இருந்ததைக் கழற்றச் சொன்னார்கள். அப்போது ஹஸ்னாவுக்கு ஒன்பது வயது. அவள் காதுத் தோடு இறுகியிருந்தது. கழற்ற வந்தவள் பதினாறு பதினேழு வயதுப் பெண். அவசரத்தில் இழுத்ததில் காது கிழிந்தது.

அதைப் பற்றி ஹஸ்னா பிறகு ஒரு வார்த்தை பேசியதில்லை. அவுஸ்திரேலியாவுக்கு வந்து ஓரிரு வருஷத்தில் ஆங்கிலத்தில் கனவு காணத் தொடங்கிவிட்டாள். நான் தமிழில் கேட்பேன், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்லுவாள். சட்டமும் சர்வதேச உறவும் படித்து, பரீட்சையில் நல்ல சித்தி எடுத்து, கன்பராவில் வெளிநாட்டு அமைச்சில் சேர்ந்தாள். சேர்ந்த அன்று இவர் தெருவில் இருந்த அத்தனை வீட்டுக்கும் வட்டிலாப்பம் கொடுத்தார். யாழ்ப்பாணத்துச் சோனகத் தெருவிலிருந்து கலைக்கப்பட்ட பிள்ளை ஒரு நாட்டின் வெளிநாட்டு அமைச்சுக்குள் அடையாள அட்டையோடு நடந்து போகிறது. நானும் பெருமைப்பட்டேன். இல்லை என்று சொல்ல மாட்டேன்.

ஒரு வருஷத்துக்குள் அவளை மத்திய கிழக்குப் பிரிவில் போட்டார்கள்.

4

இரண்டாயிரத்து நான்கு ஜூலையில், ஹேக் நகரத்தில் இருக்கிற சர்வதேச நீதிமன்றம் அந்த மதில் சட்டவிரோதம் என்று சொன்னது. பலஸ்தீனர் காணிக்குள் கட்டியதை இடிக்க வேண்டும், இழப்பீடு கொடுக்க வேண்டும் என்றது. அந்த மாதமே நியூயோர்க்கில் உலக நாடுகள் கூடும் சபையில், இந்தத் தீர்ப்புக்கு இஸ்ரேல் கட்டுப்பட வேண்டும் என்று ஒரு தீர்மானம் வாக்கெடுப்புக்கு வந்தது. ஐரோப்பா முழுவதும் ஆதரவாகக் கை தூக்கியது. எதிராகத் தூக்கியவை ஆறே நாடுகள். இஸ்ரேல், அமெரிக்கா, பசிபிக் கடலின் மூன்று குட்டித் தீவு நாடுகள். ஆறாவது நாங்கள்.

அடுத்த நாள் நஜ்லா ஆசிரியர் அறைக்கு வந்தாள். வழக்கமாகச் சாப்பாட்டுப் பெட்டியை என் பக்கத்தில் வைப்பாள். அன்று வைக்கவில்லை. நின்றபடி கேட்டாள்.

"பரீதா, உன் மகள் அங்கதானே வேலை செய்றாள்? நான் இந்த நாட்டுக்கு இருபது வருஷமா வரி கட்டுறன். என் அப்பா இந்த நாட்டுக்கு என்ன செய்தார் எண்டு கேட்டுச் சொல்லு."

என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகக் கன்பராவுக்கு ஃபோன் எடுத்தேன்.

"உம்மா, நான் வேலையப் பத்திக் கதைக்கக் கூடாது" என்றாள் ஹஸ்னா.

"வேலையக் கேக்கேல்ல. நியாயத்தக் கேக்கிறன்."

"இட்ஸ் நொட் தட் சிம்பிள். மதில் சரி எண்டு நாங்கள் சொல்லேல்ல. இது ரெண்டு தரப்பும் பேசித் தீர்க்க வேண்டிய விஷயம், நீதிமன்றம் உள்ளுக்க வந்தா சமாதான முயற்சி குழம்பும், அதுதான் பொசிஷன்."

"ஆற்ற பொசிஷன்? உன்ரயா?"

"அரசாங்கத்தின்ர."

"நீ என்ன நினைக்கிறாய்?"

அவள் கதிரையைப் பின்னால் தள்ளும் சத்தம் கேட்டது. பிறகு, "உம்மா, ஐ ஹாவ் எ மீற்றிங்" என்றாள்.

எனக்கு 'ரெண்டு தரப்பு' என்ற சொல்லைக் கேட்டாலே உடம்பு பற்றுகிறது. காரணம் உங்களுக்குத் தெரியும். இரண்டாயிரத்து இரண்டில் நம் நாட்டிலும் சமாதானம் வந்தது. அரசாங்கமும் இயக்கமும் மேசைக்கு இரண்டு பக்கமும் இருந்தார்கள். வடக்கிலிருந்து கலைக்கப்பட்ட முஸ்லிம்கள் எங்களுக்கும் ஒரு தனிக் கதிரை தாருங்கள் என்று கேட்டோம். இது இரு தரப்புப் பேச்சு, உங்கள் விடயம் பிறகு பார்க்கப்படும் என்றார்கள். பன்னிரண்டு வருஷம் புத்தளத்துக் கொட்டிலில் கிடந்த சனத்துக்கு, இன்னும் பிறகு. யாஃபாவிலிருந்து வந்த அகதிகளுக்கும் அதே பதில்தான். எல்லாம் முடிந்த பிறகு, கடைசியாகப் பேசுவோம் என்று ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். சமாதான முயற்சி என்று இவர்கள் சொல்வது, கலைக்கப்பட்டவனை வாசலில் நிறுத்தி வைத்துவிட்டு உள்ளே தேத்தண்ணி குடிப்பது.

5

ஓய்வு பெற்ற மதகுரு ஒருவர் நஜ்லாவின் தேவாலயத்துக்கு வருவார். வெள்ளைக்காரர், நல்ல மனிதர். அவர் தனக்குத் தெரிந்த பாராளுமன்ற உறுப்பினர் மூலமாக, வெளிநாட்டு அமைச்சில் ஒரு மூத்த அதிகாரியைச் சந்திக்க நேரம் எடுத்தார். நஜ்லாவும் அவரும் போவதாக ஏற்பாடு. "நீயும் வா. எனக்குத் தனியப் பேசினா அழுகை வந்திடும். நீ பக்கத்தில இருந்தா கோவம் வரும். கோவம்தான் நல்லது" என்றாள் நஜ்லா. என் பெயரையும் கொடுத்தோம்.

இரண்டு நாளில் ஹஸ்னா ஃபோன் எடுத்தாள்.

"உம்மா, நீங்க வராதீங்க."

"ஏன்?"

"அந்தச் சந்திப்பில குறிப்பு எடுக்கிறது நான்தான்."

"உன்ர மேலதிகாரிக்குச் சொன்னியா?"

"சொன்னனான். அவர் சிரிச்சிட்டு, நல்லது, அம்மாவையும் பார்த்த மாதிரி இருக்கும் எண்டார். அவருக்கு விளங்கேல்ல. உங்களத் தெரியாது அவருக்கு. உம்மா, ப்ளீஸ்."

இவரும் போகாதே என்றார். பிள்ளையின் எதிர்காலம் என்றார். நான் ஒரு நாள் முழுக்க யோசித்தேன். பிள்ளைக்காக வாயை மூடிக்கொண்டு இருப்பதும் ஒரு நிலைப்பாடுதான். அரசாங்கம் செய்வதும் அதைத்தான் என்று தோன்றியது. போனேன்.

மதகுருவின் காரில், பகல் முழுக்க ஓடிக் கன்பராவுக்குப் போய்ச் சேர்ந்து, அடுத்த நாள் காலையில் அமைச்சுக்குப் போனோம். நீள மேசை, கண்ணாடி ஜாடியில் தண்ணீர், ஒரு தட்டில் பிஸ்கட். அந்தப் பக்கம் நடுவில் அதிகாரி, அவருக்குப் பக்கத்தில் கறுத்தக் கோட் போட்டு, தலைமுடியை இழுத்துக் கட்டி, பேனையோடு என் மகள். எழுந்து என் கையைக் குலுக்கினாள். பெற்ற நாளிலிருந்து அவள் எனக்குக் கை குலுக்கியது அதுதான் முதல் தடவை. அவள் உள்ளங்கை நனைந்திருந்தது.

அதிகாரி மரியாதையான மனிதர். அதை ஒத்துக்கொள்ள வேண்டும். நஜ்லா தகப்பனின் காணியைப் பற்றிச் சொன்னபோது குறுக்கே பேசவில்லை. முடிந்ததும், "நான் பெத்லஹேமுக்குப் போயிருக்கிறேன். அருமையான இடம். உங்கள் தந்தையின் நிலைமைக்கு மிகவும் வருந்துகிறேன்" என்றார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு நிலைப்பாட்டுக்கு வந்தார். அவுஸ்திரேலியா இரண்டு நாடுகள் என்ற தீர்வை ஆதரிக்கிறது. எல்லை, மதில், அகதிகள் எல்லாம் இரு தரப்பும் நேரடியாகப் பேசி முடிவு செய்ய வேண்டியவை. ஒரு பக்கம் சாய்ந்த தீர்மானங்கள் அந்த முயற்சிக்கு உதவாது.

"என் அப்பாவுக்கு எண்பது வயசு. அவரை எந்த மேசைக்கும் ஒருத்தரும் கூப்பிடேல்ல" என்றாள் நஜ்லா. அவள் குரல் உடைந்தது.

அப்போது நான் வாயைத் திறந்தேன். எனக்கு இது தெரியும், நானும் இப்படி வந்தவள்தான் என்று சொல்ல நினைத்தேன். பதட்டத்தில் ஆங்கிலம் சறுக்கியது. கலைத்தார்கள் என்பதற்கு 'இவாக்குவேற்' என்ற சொல் வாயில் வந்துவிட்டது. எங்கள் சனம் முழுவதையும் இரண்டு மணித்தியாலத்தில் இவாக்குவேற் செய்தார்கள் என்றேன்.

அதிகாரியின் முகம் கனிந்தது. "அப்படி வெளியேறுவது எப்போதும் கடினம்தான். எல்லாரும் பத்திரமாக வந்து சேர்ந்தது பெரிய நிம்மதியாக இருந்திருக்கும்" என்றார்.

அப்போதுதான் என்ன சொன்னேன் என்று எனக்கு உறைத்தது. இவாக்குவேற் என்றால் வெள்ளத்திலிருந்து, காட்டுத் தீயிலிருந்து காப்பாற்றிக் கூட்டிக்கொண்டு போவது. எங்களைக் கலைத்தவனுக்கு நானே நன்றி சொன்ன மாதிரி ஆகிவிட்டது. சரியான ஆங்கிலச் சொல்லைத் தேடினேன். வரவில்லை. எழுந்து நின்றுவிட்டேன். வந்தது தமிழ்தான்.

"எங்கள ஆரும் காப்பாத்தேல்ல! கலைச்சவங்கள். துவக்கக் காட்டிக் கலைச்சவங்கள். பிறகு கலைச்சவனும் கொழும்பில இருந்தவனும் ஒரு மேசையில இருந்து சமாதானம் கதைச்சாங்கள், எங்களுக்கு ஒரு கதிரை தரேல்ல. இந்தா இவளின்ர தகப்பன்ர காணிய ஒருத்தன் மதில் கட்டி எடுக்கிறான். நீதிமன்றத்துக்குப் போனா, போகாத எண்டு கை தூக்குறியள். எடுக்கிறவனோடயே கதைச்சுத் தீர்த்துக்கொள் எண்டு சொல்லுறியள். உங்கட வீட்டுக்க கள்ளன் நிண்டா பொலிசக் கூப்பிடுவீங்களா, இல்ல கள்ளனுக்கும் உங்களுக்கும் நடுவில பேச்சுவார்த்தை வைப்பீங்களா?"

அதிகாரி சங்கடத்தோடு ஹஸ்னாவைப் பார்த்தார். "உங்கள் அம்மா என்ன சொல்கிறார்?"

ஹஸ்னா தலையைக் குனிந்தபடியே ஆங்கிலத்தில் சொன்னாள். "இந்த விடயம் தன்னை ஆழமாகப் பாதிக்கிறது என்று சொல்கிறார்."

"நான் அதையா சொன்னனான்?" என்றேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் கெஞ்சல் இருந்தது. வேறொரு நேரமாக இருந்திருந்தால் இரங்கியிருப்பேன். "ஹஸ்னா, நான் சொன்னதச் சொல்லு" என்றேன்.

பேனையை மேசையில் வைத்தாள். பிறகு சொன்னாள். ஒரு சொல் விடவில்லை. துவக்கு, கதிரை, மதில், கள்ளன், பொலிஸ், எல்லாம். என் தமிழில் இருந்த சூடு அவள் ஆங்கிலத்திலும் இருந்தது. எனக்கே பயமாக இருந்தது. முடித்துவிட்டு, மொழிபெயர்ப்புக்கு வெளியே அவள் தன் பாட்டில் ஒன்று சொன்னாள்.

"எனக்கு அப்போது ஒன்பது வயது. என் காதிலிருந்து தோட்டை இழுத்து எடுத்தார்கள். அம்மா சொன்ன சொல் பிழை. எங்களை இவாக்குவேற் செய்யவில்லை. துரத்தினார்கள்."

நஜ்லா வாயைப் பொத்திக்கொண்டாள். மதகுரு மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதிகாரி தண்ணீர்க் கோப்பையைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தார். "இதையெல்லாம் எங்களோடு பகிர்ந்துகொண்டதற்கு மிகவும் நன்றி" என்றார். பிறகு மணிக்கூட்டைப் பார்த்தார். நேரம் கொஞ்சம் கூடிவிட்டதாம்.

வெளியே தாழ்வாரத்தில் ஹஸ்னா என்னைப் பிடித்தாள். "ஆர் யூ ஹாப்பி நவ்?" என்றாள். "நீங்க கோவப்பட்டுட்டு காரில ஏறிப் போயிடலாம் உம்மா. ஐ ஹாவ் டு வேர்க் ஹியர்." நான் தொடப் போனேன். கையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

6

என்ன நடந்தது என்று கேட்பீர்கள். ஒன்றும் நடக்கவில்லை. சில கிழமையில் பதில் வந்தது. இரண்டு நாடுகள், நேரடிப் பேச்சு, இரு தரப்பும். அவ்வளவுதான். சந்திப்பைப் பற்றி ஹஸ்னா முழுவதும் எழுதியிருக்கிறாள். மேலே போனபோது அது, பிரதிநிதிகள் தங்கள் கவலையைத் தெரிவித்தார்கள் என்று சுருங்கிவிட்டதாம். இதைப் பல மாதம் கழித்துத்தான் சொன்னாள். அவளையும் மெதுவாக வேறு பிரிவுக்கு மாற்றினார்கள். தண்டனை இல்லையாம், அவள் நலனுக்காகவாம். பசிபிக் தீவுகளோடு செய்கிற மீன்பிடி ஒப்பந்தங்களைப் பார்க்கிற வேலை. அந்த வருஷம் நோன்புப் பெருநாளுக்கு அவள் வீட்டுக்கு வரவில்லை. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு வந்து ஒரு நாள் நின்றாள். என்னோடு பேசினாள், ஆனால் காலநிலையைப் பற்றி.

நஜ்லாவின் தகப்பன் காணியைத் திரும்பப் பார்க்காமலே இறந்துபோனார்.

ஆட்சி மாறியது. நானும் மாற்றத்துக்குத்தான் வோட் போட்டேன். போன வருஷம் பெப்ரவரியில் புதிய பிரதமர், பெற்றோரிடமிருந்து பறிக்கப்பட்ட ஆதிக்குடிப் பிள்ளைகளிடம் பாராளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். பள்ளிக்கூட மண்டபத்தில் பிள்ளைகளோடு இருந்து பார்த்தோம். நஜ்லா விம்மி அழுதாள். "ஒரு அரசாங்கம் இப்பிடியும் பேசுமா பரீதா!" என்றாள். அடுத்த மாதம் அதே பாராளுமன்றம் இஸ்ரேலின் அறுபதாவது ஆண்டுக்கு வாழ்த்துத் தீர்மானம் நிறைவேற்றியது. நஜ்லாவின் தாய் வீடு பறிபோனதற்கும் அதே அறுபது வருஷம்தான். பறித்ததற்கு மன்னிப்புக் கேட்ட வாய், ஈரம் காயும் முன்னம் பறித்ததற்கு வாழ்த்துச் சொன்னது. ஆள் மாறினான். வசனம் மாறவில்லை.

இப்போது இந்த ஜனவரி. காஸா ஒரு பக்கம், நம் நாட்டுப் படை குண்டு போடுகிற வன்னி ஒரு பக்கம். எங்கள் அரசாங்கம் இரண்டுக்கும் ஒரே துணியில் சட்டை தைக்கிறது: எல்லாத் தரப்பும் நிதானம் காக்கட்டும். போன சனிக்கிழமை தமிழ்க் கடையில் அரிசி வாங்க நின்றபோது, கடைக்காரத் தம்பி, யாழ்ப்பாணத்துப் பிள்ளை, கேட்டான். "அக்கா, நீங்கள் காஸா ஊர்வலத்துக்குப் போறியளாம். வன்னிக்கு வரமாட்டியளோ?"

கேட்ட விதம் எனக்குப் பிடிக்கவில்லை. "வாறன் தம்பி" என்றேன். "அங்க சாகிறதும் பிள்ளையள்தான். ஆனா எங்களக் கலைச்சவன்ர கொடிக்குக் கீழ நிக்கமாட்டன். கொடி இல்லாத இடம் ஒண்டு காட்டு, நான் முன் வரிசையில நிப்பன். நீங்கள் ஆராவது, எங்களக் கலைச்சது பிழை எண்டு ஒரு நாள் ஊர்வலம் போனியளோ?"

அவன் அரிசி மூட்டையைத் தூக்கிக் காரில் ஏற்றிவிட்டான். பிறகு கதவைச் சாத்தும்போது, "பிழைதான் அக்கா" என்றான், மெதுவாக. பதினெட்டு வருஷத்தில் ஒரு யாழ்ப்பாணத்தான் என்னிடம் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

7

காஸா ஊர்வலத்தன்று ஹஸ்னா விடுமுறையில் வீட்டில் நின்றாள். நான் தொப்பியும் தண்ணீர்ப் போத்தலும் எடுத்துக்கொண்டு புறப்பட்டபோது அறையிலிருந்து வந்தாள்.

"நானும் வாறன்."

"உன்ர வேலை?"

"லீவிலதானே நிக்கிறன். மீன் ஒண்டும் கோவிக்காது."

இவர் பேப்பரை முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டார். நான் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் மனதை மாற்றிக்கொள்வாள் என்று பயம். ரயிலில் ஏறி ஒன்றாகவே இருந்தோம். நகரத்தில் நஜ்லா நூல்நிலையப் படிக்கட்டில் காத்திருந்தாள். ஹஸ்னாவைக் கண்டதும் ஒன்றும் கேட்காமல் கட்டிப்பிடித்தாள்.

தார் உருகும் வெயில். பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு சனம் வந்திருந்தது. நாங்கள் டிராம் தண்டவாளத்தோடு நடந்தோம். ஒரு சந்தியில் சிவப்பு விளக்குக்கு நின்ற சின்ன லொறி ஒன்றின் ஜன்னலிலிருந்து ஒரு மனிதன் தலையை நீட்டி எங்களைப் பார்த்துக் கத்தினான்.

"வந்த இடத்துக்கே திரும்பிப் போங்கடி!"

எனக்குப் பழக்கம்தான். வருஷத்தில் ஒரு தடவையாவது கேட்பது. நஜ்லா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனால் ஹஸ்னா நின்றுவிட்டாள். லொறிக்குக் கிட்டப் போனாள். அமைச்சுக்குக் குறிப்பெழுதுகிற அதே சுத்தமான ஆங்கிலத்தில், தெரு முழுக்கக் கேட்கக் கத்தினாள்.

"அதைத்தான் பலஸ்தீனர் அறுபது வருஷமாகக் கேட்கிறார்கள்! நாங்கள்தான் வேண்டாம் என்று வாக்களித்தோம்!"

அந்த மனிதனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பச்சை விழுந்தது. லொறி போய்விட்டது.

ஹஸ்னா தண்டவாளத்தில் அப்படியே நின்றாள். நான் கிட்டப் போனேன். கை குலுக்கிய அன்று ஈரமாக இருந்த அந்தக் கையைப் பிடித்தேன். இந்த முறை அவள் எடுக்கவில்லை.

"நாங்கள் எண்டு சொன்னீ" என்றேன்.

"ஓம்" என்றாள் என் மகள். "நாங்கள்தானே உம்மா. வேற ஆரு?"